கரம் பலகையும் சுடுசொல்லும்



கல்முனைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களிலே இஷாத் தொழுகை முடிந்து மக்கள் வீடு திரும்பும் வேளையில், வாசிகசாலை முன்றிலிலோ, சைக்கிள் திருத்தும் கடையின் தாழ்வாரத்திலோ, பூட்டிய கடையொன்றின் திண்ணையிலோ ஒரு மின்குமிழ் தாழத் தொங்குவதைக் காணலாம். அதன் கீழே ஒரு கரம் பலகை இருக்கும். பலகையைச் சுற்றி நால்வர் அமர்ந்திருப்பர். அந்நால்வரைச் சுற்றிப் பதினால்வர் நிற்பர். மருதமுனையிலே பகல் முழுவதும் தறியில் இருந்த நெசவாளர், கல்முனைக்குடியிலே விடியுமுன் கரைவலை இழுத்த கடற்றொழிலாளர், நிந்தவூரிலே வயல் பார்த்து வந்த விவசாயி, சாய்ந்தமருதிலே கந்தோர் விட்டு வந்த எழுதுவினைஞர் ஆகிய அனைவரும் அவரவர் ஊரில் இவ்வாறான ஒரு பலகையின் பக்கம் இராப்பொழுதில் ஒருதரமாவது எட்டிப் பார்ப்பவரே. நோன்பு மாதத்திலோ, தராவீஹ் தொழுகைக்குப் பின் தொடங்கும் ஆட்டம் சஹர் வேளைவரை நீளுவதும் உண்டு.

அத்தகைய பலகை ஒன்றின் அருகே ஐந்து நிமிடம் நின்றால், காய்கள் மோதும் ஓசையைக் காட்டிலும் வேறோர் ஓசையே மிகுதியாகக் காதில் விழும்.

"கண் விளங்கல்லியா உனக்கு?"

"இதையும் போடத் தெரியாட்டி என்னத்துக்கு வந்து குந்தின?"

"உன்னை வெச்சு ஆடுறதுக்கு ஒரு மரக்கட்டையை வெச்சு ஆடலாம்!"

இச்சொற்களை உரைப்பவர் எதிரணியினர் என்று எவரேனும் எண்ணினால் அது தவறு. எதிரணியினர் பெரும்பாலும் மௌனமாகச் சிரித்துக்கொண்டிருப்பர். எதிரி தவறினால் ஆதாயம் அடைகிறவனுக்குக் கோபம் வருவானேன்? இவ்வாறு சீறுகிறவர், தவறியவருக்கு நேர் எதிரே அமர்ந்து, அவருடைய வெற்றியே தமது வெற்றியெனக் கொண்டு ஆடவந்த கூட்டாளிதான்.

கரம் ஆட்டத்திலே கூட்டாளியின் கோபத்துக்கு ஆட்டத்தின் அமைப்பும் ஒரு காரணமாகும். வெள்ளைக் காய் ஒன்பது, கறுப்புக் காய் ஒன்பது, சிவப்பு ஒன்று. இருவர் இருவராக ஆடும்போது, ஒருவர் அடி தவறினால் மற்றைய மூவரும் ஆடி முடித்த பின்னரே அவருக்கு மீண்டும் ஸ்ரைக்கர் கைக்கு வரும். கெட்டிக்கார எதிரிகள் வாய்த்துவிட்டால், ஒருவர் தவறிய அடிக்குத் தண்டனையாக இருவரும் நெடுநேரம் கைகட்டி இருக்க நேரிடும். சிவப்பைப் போட்டவர் அதற்குத் துணையாகத் தம் காய் ஒன்றை அடுத்த அடியிலே போட்டாக வேண்டும். போடத் தவறினால் சிவப்பு மீண்டும் நடுவே வந்து அமரும். சிவப்பு பலகையில் இருக்கையிலே தம் கடைசிக் காயைத் தவறுதலாகக் குழியில் இறக்கிவிட்டாலோ, அப்பலகை எதிரணிக்குப் போய்விடும். எட்டுக் காய்களைப் பாடுபட்டுப் போட்ட கூட்டாளி, ஒன்பதாவது காய் இவ்வாறு வீணே குழியில் விழுவதைக் கண்டால் வாளாவிருப்பாரா?

இதனோடு ஊர் வழக்கம் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. தோற்ற சோடி எழும்ப, காத்திருக்கும் சோடி அமர்வதே தெருப் பலகைகளின் நியதி. எழும்பினால் மீண்டும் இடம் கிடைக்க அரைமணி நேரமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். பகலெல்லாம் உழைத்துவிட்டு ஆட வந்தவருக்கு அந்த அரைமணி நேரம் பெரிது. போதாக்குறைக்கு, தோற்றவரே அனைவருக்கும் தேநீர் வாங்க வேண்டும் என்றொரு ஏற்பாட்டையும் சில இடங்களிலே வைத்துக்கொள்கின்றனர். அது பந்தயமே என்று பெரியவர்கள் கண்டிப்பது மார்க்க நோக்கில். ஆட்ட நோக்கிலும் அக்கண்டனம் பொருத்தமானதே. நான்கு கோப்பைத் தேநீரின் விலை பலகையில் ஏறியவுடன் நாவின் கூர்மை இரட்டிப்பாவதை எவரும் காணலாம்.

ஆகவே கோபத்துக்குக் காரணம் இல்லை என்று கூறுவதற்கில்லை. அக்கோபத்தில் நியாயம் எவ்வளவு என்பதே ஆராயத்தக்கது.

கரம் பலகையின் ஆடுதளம் பக்கத்துக்கு 74 சென்ரிமீற்றர் கொண்ட சதுரம். காய் ஒன்றின் எடை ஐந்தரைக் கிராமுக்கு மேற்படாது. ஸ்ரைக்கர் 15 கிராமுக்கு மேற்படலாகாது. இத்துணைச் சிறிய தளத்திலே, ஒரு பக்கத்திலிருந்து காண்பதும் எதிர்ப்பக்கத்திலிருந்து காண்பதும் வேறு வேறு ஆட்டங்கள் என்றே கூறிவிடலாம். ஒருவர் தமது அடிக்கோட்டின் மேலே ஸ்ரைக்கரை வைத்தே அடிக்க வேண்டும். அக்கோட்டுக்கும் தம் பக்கத்துச் சட்டத்துக்கும் இடையே கிடக்கும் காயை அவர் நேரே அடிப்பது எளிதன்று. பெரும்பாலும் எதிர்ச்சட்டத்தில் ஸ்ரைக்கரை மோதவைத்து, அது திரும்பி வந்து தட்டுமாறு செய்ய வேண்டும். அதே காயை எதிரே இருக்கும் கூட்டாளியோ ஒற்றை விரலால் மெல்லத் தள்ளிக் குழியில் இறக்கிவிடுவார். அவருடைய கண்ணுக்கு அது சிறு பிள்ளையும் போடக்கூடிய காய். "இதையும் போடத் தெரியாட்டி" என்ற சொல் பெரும்பாலும் இத்தகைய காயைக் குறித்தே பிறக்கிறது. உரைப்பவர் பொய் கூறவில்லை. தம் இருக்கையிலிருந்து காண்பதையே கூறுகிறார். அவர் எழுந்து இப்பக்கம் வந்து அமர்ந்து ஒருமுறை அடித்துப் பார்ப்பாராயின், பாதிச் சொற்கள் தொண்டையிலேயே நின்றுவிடும்.

இன்னுமொன்று. பலகை தோற்றுப்போனதற்குக் காரணம் கடைசியாகத் தவறிய அடியே என்று கொள்வது மனித இயல்பு. தொடக்கத்திலே காய்களை உடைத்தபோது வெள்ளைகளைச் சிதறவிட்டு எதிரிக்கு வழி திறந்துவிட்டவர் யார், நடுவிலே இலகுவான மூன்று காய்களைத் தவறவிட்டவர் யார் என்பதெல்லாம் எவர் நினைவிலும் தங்குவதில்லை. கடைசி அடி மட்டுமே கண்முன் நிற்கிறது. அதை அடித்தவர் தலையிலே முழுப் பழியும் இறங்குகிறது.

கடைசியில் ஆடியவனைப் பழிக்கும் இவ்வழக்கம் கல்முனைக்கு மட்டும் உரியதன்று. இருபத்தொன்று என்றும் பிளாக்ஜாக் என்றும் வழங்கும் சீட்டாட்டம் ஒன்று உலகெங்கும் சூதாட்ட நிலையங்களிலே நடைபெறுகிறது; கொழும்பிலும் அத்தகைய நிலையங்கள் உண்டு. சூது மார்க்கம் விலக்கிய பொருள்; அது இவ்வூர்களுக்கு வர வேண்டுமென்று எவரும் விரும்பப்போவதில்லை. எனினும் அம்மேசையிலே நிகழும் விநோதம் ஒன்றை மட்டும் தூர நின்று பார்த்துக்கொள்ளலாம்.

அவ்வாட்டத்திலே ஒரு மேசையில் பலர் அமர்ந்திருந்தாலும், ஒருவரோடொருவர் போட்டியிடுவதில்லை. ஒவ்வொருவரும் சீட்டுப் பகிர்பவருடன் தனித்தனியே ஆடுகின்றனர். சீட்டுகளின் கூட்டுத்தொகை 21ஐத் தாண்டாமல் அதற்கு அண்மையில் வருபவர் வெல்வார், தாண்டியவர் தோற்பார். பகிர்பவரோ தம் தொகை 17 ஆகும்வரை சீட்டு எடுத்தே தீர வேண்டும். இப்போது பகிர்பவரிடம் 16 இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அவருக்கு முன்னதாகக் கடைசி ஆசனத்தில் இருப்பவர், எடுக்காமல் விட்டிருக்க வேண்டிய நிலையிலே ஒரு சீட்டை எடுக்கிறார், அது பத்து. அடுத்து வந்த ஐந்து பகிர்பவருக்குப் போய் 21 ஆகிவிடுகிறது. மேசையில் உள்ள அனைவரும் தோற்றனர். உடனே அத்தனை கண்களும் கடைசி ஆசனத்தின் மேல் விழுகின்றன. "அந்தப் பத்தை நீ எடுக்காதிருந்தால் பகிர்பவரன்றோ அழிந்திருப்பார்!" என்று வசை பொழிகிறது. அந்த ஆசனத்துக்கு அஞ்சி அங்கே அமர மறுப்பவரும் உளர்.

கணக்கு என்ன கூறுகிறது? கலைத்து வைத்த கட்டிலே அடுத்த சீட்டு எது, அதற்கடுத்த சீட்டு எது என்பதை எவரும் அறியார். பத்து முன்னும் ஐந்து பின்னுமாக இருக்க எத்துணை வாய்ப்பு உண்டோ, ஐந்து முன்னும் பத்து பின்னுமாக இருக்கவும் அத்துணை வாய்ப்பே உண்டு. அவர் ஐந்தை எடுத்துப் பத்தைப் பகிர்பவருக்கு விட்டுச் சென்றால் அனைவரும் வென்றிருப்பர். ஆனால் அன்று அவருக்கு நன்றி கூறியவர் எவருமிலர். கெடுத்த தடவைகள் நினைவில் நிற்க, காத்த தடவைகள் மறந்துபோகின்றன. 1956ஆம் ஆண்டிலே, அமெரிக்க இராணுவத்தில் பணிபுரிந்த பால்ட்வின், கன்ரி, மைசல், மக்டேர்மற் என்னும் நால்வர் மேசைக் கணிப்பான்களைக் கொண்டே இவ்வாட்டத்துக்கு உகந்த ஆடுமுறையைக் கணித்து, அமெரிக்கப் புள்ளியியற் சங்கத்தின் சஞ்சிகையிலே வெளியிட்டனர். ஒருவர் தம் கையிலுள்ள சீட்டையும், பகிர்பவரின் திறந்த சீட்டையும் பார்த்து முடிவு செய்வதே அம்முறை. பக்கத்து ஆசனத்திலிருப்பவர் கெட்டிக்காரரா மூடரா என்ற கேள்விக்கு அதில் இடமேயில்லை. கணக்கு வெளியாகி எழுபது ஆண்டுகள் ஆகியும் கடைசி ஆசனத்துக்கு விழும் வசை நின்றபாடில்லை என்பதே விநோதம்.

கரம் சூதன்று, கைத்திறனே அங்கு ஆட்சி செய்கிறது. கூட்டாளியின் பிழை அங்கே மெய்யாகவே மற்றவரைத் தோற்கடிக்கும். ஆகையால், பிளாக்ஜாக் மேசையின் வசையைப் போலக் கரம் பலகையின் வசையை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. அதனுள்ளே ஓர் உண்மை மறைந்திருக்கலாம். நெல்லையும் பதரையும் பிரிப்பது போல, கேட்பவரே அதைப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஏற்ற வேளை ஆட்டத்தின் நடுவேளை அன்று.

கடிந்துரைக்கப்பட்ட கைக்கு நேர்வது என்னவென்று பழகிய ஆட்டக்காரர் அனைவரும் அறிவர். கரம் மென்மையான ஆட்டம். பாதிக் காய்கள் தட்டினால் போதும், அடிக்க வேண்டியதில்லை. கோபமோ வெட்கமோ ஏறிய விரல் தட்டுவதை மறந்து அடிக்கத் தொடங்குகிறது. குழிவாயிலே நின்ற காய் துள்ளி வெளியே பாய்கிறது. ஸ்ரைக்கரே குழியில் விழுகிறது. போட்ட காயொன்றைத் தண்டமாகத் திரும்ப வைக்க நேரிடுகிறது. முதற் பிழை ஆடியவருடையது. இரண்டாம் பிழையில் கடிந்தவருக்கும் பங்குண்டு. போட்டி ஆட்டங்களிலே, கூட்டாளிக்குச் சொல்லாலோ சைகையாலோ யோசனை கூறுவதை விதிகள் இடங்கொடாமல் தடுத்திருக்கின்றன. எதிரணிக்கு நியாயம் செய்யவே அவ்விதி ஏற்பட்டது எனினும், ஆடுகிறவருக்கும் அது ஒரு கவசம். சென்னையில் 1988இல் தோன்றிய சர்வதேச கரம் சம்மேளனத்தின் விதிகளைத் தெருப் பலகையில் எதிர்பார்க்க இயலாதுதான். ஆயினும், பலகை முடியும்வரை வாய் திறப்பதில்லை என்ற இந்த ஒன்றை மட்டும் கடன் வாங்கிக்கொண்டால் நட்டம் ஒன்றுமில்லை.

அவ்வாறு கட்டுப்பாடு இல்லாத பலகையிலே, வசை கேட்டவர் செய்யக்கூடியது என்ன? பதிலுக்கு வசைபாடலாம், அது எளிது, பார்ப்போருக்கும் பொழுதுபோக்கு. எழுந்து போகலாம், அதற்கும் ஒரு வேளை உண்டு, பின்னர் கூறப்படும். பழகியவர்கள் கையாளும் வழி வேறு. ஆட்டம் நடக்கையில், "சரி காக்கா, அடுத்ததைப் பார்ப்போம்" என்று ஒரே தொடரில் முடித்துவிடுகின்றனர். பலகை முடிந்து காய்களை மீண்டும் அடுக்கும்போது, "நான் எந்தக் காயை எடுத்திருக்க வேணும்?" என்று தாமே கேட்கின்றனர். இக்கேள்விக்கு ஆற்றல் அதிகம். கடிந்தவரிடம் மெய்யான விடை இருந்தால், அவர் விரலை நீட்டி, "இந்தக் கறுப்பு உன்ட குழியை மறைச்சு நிண்டது, அதை முதலில் தட்டி விலக்கியிருக்க வேணும்" என்று கூறத் தொடங்குகிறார். அக்கணமே அவர் ஆசானாகிவிடுகிறார். சீற்றம் எங்கோ போய்விடுகிறது. விடை இல்லாதவரோ முணுமுணுத்துவிட்டுப் பவுடரைத் தூவத் தொடங்குவார். அவருடைய வசையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பதும் அத்துடன் தெளிவாகிவிடும்.

சுற்றி நிற்கும் பதினால்வரைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. ஆடாதவருக்கு ஒருபோதும் அடி தவறுவதில்லை. டாம் ஆடும் இடங்களிலும் இதே கதைதான். அவர்களுக்குப் பதில் உரைக்கத் தொடங்கினால் விடிந்துவிடும்.

ஆனால் எல்லை ஒன்று உண்டு. இக்கரையோர மக்கள் பகிடிக்குப் பெயர் போனவர்கள். கவி பாடும் மரபிலே கிண்டலும் நையாண்டியும் சுவையோடு கலந்து வளர்ந்த மண் இது. "மரக்கட்டை" என்பது பகிடி. அதைக் கேட்டுத் தானும் சிரிப்பவனே பலகைக்கு ஏற்றவன். ஒருவனது தகப்பனை, குடியை, தொழிலை, உடற்குறையைத் தொட்டுப் பேசுவது பகிடியன்று. பட்டப்பெயர் சூட்டி இழித்துரைப்பதைத் திருக்குர்ஆனின் 49ஆவது அத்தியாயம் 11ஆவது வசனம் வெளிப்படையாகவே விலக்குகிறது என்பதை இவ்வூர்களிலே ஓதத் தெரிந்த சிறுவனும் அறிவான். அச்சொல் பிறந்த இடத்திலே, ஸ்ரைக்கரைப் பலகை மேல் வைத்துவிட்டு ஸலாம் கூறி எழும்புவது கோழைத்தனம் ஆகாது. பலகைக்குச் சொந்தக்காரராகிய கடைக்காரர் விவேகியாக இருந்தால், அவர் எழும்புமுன்பே மின்குமிழை அணைத்துவிடுவார். வாதத்துக்கு இடமில்லாத தீர்ப்பு அது.

இந்த எல்லையைக் காப்பதற்கு இவ்வூர்களிலே தனியான ஒரு காரணமும் உண்டு. கிழக்குக் கரையோர முஸ்லிம்களிடையே மணமகன் மணமகளின் வீட்டிலே சென்று வாழ்வதே நெடுங்கால வழக்கம். ஆகவே மச்சானும் மச்சினனும் ஒரே வளவிலே, ஒரே கிணற்றிலே புழங்குகின்றனர். இரவிலே பலகைக்கும் ஒன்றாகவே போகின்றனர். பெரும்பாலும் சோடியாகவே அமர்கின்றனர். வேற்றூரிலே கரம் பலகையில் மூண்ட சச்சரவு பலகையோடு முடிந்துவிடலாம். இங்கோ அது வளவுக்குள் நுழைந்து, மறுநாட் காலையில் கிணற்றடிக்கும் வந்துவிடுகிறது. இரண்டு ஆண்கள் முகம் பார்க்க மறுத்தால், நடுவிலே நிற்பவள் ஒருவனுக்கு மனைவியும் மற்றவனுக்குச் சகோதரியுமானவள். சிவப்பு எந்தக் குழியில் விழுந்தது என்பதை அவள் அறியாள். இருவருக்கும் சோறு போட வேண்டியவள் அவளே. சோற்றுத் தட்டை வாங்க மறுத்து ஒருவன் வெளியேறும்போது, அவள் யாரிடம் போய் நியாயம் கேட்பாள்?

பலகையை விட்டே போய்விடும் சிறுவர் நிலை இன்னும் கவலைக்குரியது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையனை, ஆள் குறைந்த ஓர் இரவிலே, பெரியவர் ஒருவர் தம் கூட்டாளியாக அமர்த்துகிறார். பையனுக்கு அது பெருநாள். இரண்டு அடி தவறுகிறது. பெரியவர் தம் வயதொத்த கூட்டாளிக்கு உரைப்பது போலவே அவனுக்கும் உரைத்துவிடுகிறார். சுற்றி நிற்பவர் சிரிக்கின்றனர். மறுநாள் பையன் வருவதில்லை. பெரியவருக்கு அது நினைவிலும் இல்லை. அப்பையன் இரவை வேறெங்கே, யாருடன் கழிக்கிறான் என்பதைப் பெற்றோர் பின்னரே அறிகின்றனர்.

கரம் ஆட்டத்தின் சிகரங்களைத் தொட்டவர்கள் மாளிகைகளிலிருந்து வந்தவர்கள் அல்லர். சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் உலக வெற்றிவீரராகத் திகழ்ந்து, 1996இல் இந்தியாவின் அர்ஜுனா விருதைப் பெற்றார். இலங்கையின் நிசாந்த பெர்னாண்டோ 2012இல் உலகப் பட்டத்தை வென்றார். 2024ஆம் ஆண்டிலே, சென்னையின் ஓட்டோச் சாரதி ஒருவரின் மகளாகிய காசிமா, பதினேழு வயதிலே அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் பெற்றுத் திரும்பினார். அவரைப் பலகைக்கு முன் அமர்த்திப் பழக்கியவர் அவருடைய தந்தையே. ஆரம்ப நாட்களிலே அச்சிறுமி எத்தனை காய்களைத் தவறவிட்டிருப்பார்! அத்தனையையும் எதிரே இருந்தவர் பொறுத்திருக்கிறார்.

ஆகவே பையனைக் கூட்டாளியாக அமர்த்தும் பெரியவர்கள் ஒரு சிறு முறையைக் கையாளலாம். அவன் தவறியதைக் கூறுமுன், அவன் நன்றாக ஆடிய ஓர் அடியைக் கூறலாம். பலகை முடிந்தபின் இருக்கையை மாற்றி, தவறிய காயை அவ்விடத்திலேயே வைத்து, அவனை மீண்டும் அடிக்கச் சொல்லலாம். தாமும் ஒருமுறை அடித்துப் பார்க்கலாம். தாமும் தவறினால் வெட்கப்பட வேண்டியதில்லை. பையன் அன்றைக்கு நிம்மதியாக உறங்குவான்.

மச்சான்மாருக்கோ வேறொரு வழி உண்டு. சில ஊர்களிலே அனுபவசாலிகள் அதை வாய்விட்டுக் கூறாமலே செய்து வருகின்றனர். ஒரே வளவிலிருந்து வரும் இருவரையும் எதிரெதிரே சோடியாக அமர்த்துவதில்லை. பக்கத்துப் பக்கமாக, எதிரணிகளிலே அமர்த்திவிடுகின்றனர். ஒருவர் தவறினால் மற்றவருக்கு மகிழ்ச்சி. ஆட்டம் முடிந்ததும் இருவரும் ஒரே சைக்கிளில், ஒருவர் மிதிக்க மற்றவர் பின்னால் அமர்ந்து, அன்றைய அடிகளைப் பேசிச் சிரித்துக்கொண்டு வீடு செல்கின்றனர்.